வியாழனின் இரண்டு கோடுகள்

ஹாமித் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, தொலைநோக்கியை மாடிக்குத் தூக்கிப்போவது அவர் மனைவி நஜ்முன்னிசாவின் வேலையானது. வானத்தில் நிலாவைத் தவிர அவளுக்கு எதையும் தெரியாது. வியாழன் கோளின் மேலுள்ள இரண்டு கோடுகளைத் தெளிவாகப் படமெடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. படுக்கையில் விழுந்தபின் வேறெதையும் கேட்கவில்லை. கால் பயிற்சிக்கு எழச் சொன்னால், படம் வரட்டும் என்பார்.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு மேலே போவாள். தொலைநோக்கியில் செல்போனைப் பொருத்தி எடுத்து, கீழே வந்து காட்டுவாள்.

"கலங்கலா இருக்கு. கையால அமுக்குனியா?"

"அமுக்காம எப்படிங்க எடுக்க?"

"டைமர் வையி."

வைத்தாள். தொலைநோக்கி நிற்கும் முக்காலி ஆடாமலிருக்க நடுவில் வெங்காயப் பையைத் தொங்கவிட்டாள். அப்போதும் கலங்கல்.

"எந்தப் பக்கம் வச்சு எடுக்குற?"

"பிரியாணிக் கடைப் பக்கம்."

"அடுப்புச் சூடு மேல ஏறுனா எல்லாம் ஆடத்தான செய்யும்? இம்புட்டு நாளா பிரியாணியத்தான் படம் புடிச்சிருக்க."

"அதாவது தெளிவா வந்துச்சா?"

அவர் சிரித்தார்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளி வைத்தாள். தரையின் வெயில் சூடு தணியத் தண்ணீர் ஊற்றினாள். ஃபோகஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். வட்டம் சுருங்கியது. அதன் மேல் பழுப்பாக இரண்டு கோடுகள். எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஹாமித் செல்போனை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கு நஜ்மு."

அவள் வாங்கிப் பார்த்தாள். கோடுகள் இருந்தன. படங்களைப் பின்னால் தள்ளி, போன வருஷம் அவரே எடுத்த நிலாவைக் காட்டினாள். பள்ளம் பள்ளமாகத் தெரிகிறதென்று தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டிய படம்.

"இதுவும் கலங்கல்தான். இத எப்ப எடுத்த?"

அவருக்கிருக்கும் சர்க்கரை கண்ணைப் பிடிக்கும், காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடக்கத் தொடங்கியதும் போகலாம் என்று இருவரும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

"முன்னாடி எடுத்தது" என்றாள்.

"லென்ஸுல பனி எறங்கியிருக்கும். போய்ப் பாரு. வந்துரும்."

மேலே போனாள். லென்ஸில் பனி இல்லை. இன்னொரு படம் எடுத்தாள். அதிலும் கோடுகள் இருந்தன.