குப்பையில் முளைத்த சுரைக்கொடி

உரக்காரி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது சின்ன அத்தை வீட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில். "உரக்காரி பிள்ளையைப் பார்க்க வந்தாளா, இல்ல நம்ம வீட்டுக் காய்த்தோலை அள்ள வந்தாளா?" என்று யாரோ கேட்க, பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சின்ன அத்தையின் ஓரகத்தி மகனைக் கட்டியவள் அவள்.

ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்குக் காய் நறுக்கும் வேலை. மிஞ்சிய தோலையும் கொட்டையையும் வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறைச் சுவருக்குப் பின்னால் செங்கல்லை வட்டமாக அடுக்கி அதற்குள் கொட்டுவாள். சருகும் சாம்பலும் போட்டுக் கிளறினால் புட்டு மாதிரி உதிரும் உரம். அக்கம்பக்கத்தில் பூந்தொட்டி வைத்தவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள்.

அவள் வீட்டுக்காரருக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். அச்சகத்தில் புத்தகம் தைப்பவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவள் சாப்பிடாமல் படுத்து, மறுநாளே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தவர், அதோடு சாப்பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. எதைப் போட்டாலும் "நல்லா இருக்கு" என்று ஒரே பாட்டு.

கல்யாணமாகி முப்பதாவது வருஷம், மழை விட்டதும் உரக்குழியில் என்னென்னவோ முளைத்தன. தக்காளியையும் மிளகாயையும் பிடுங்கினாள். ஒரு சுரைக்கொடியை மட்டும் கை தொடவில்லை. அது சுவரேறி, மாடியில் வந்து தங்கிவிட்ட நாத்தனாரின், அவர் அக்காவின், ஜன்னலை எட்டிப் பார்த்தது.

"குப்பையில மொளைச்சதுக்கு இவ்வளவு சீராட்டா? பிடுங்கிப் போடு."

"தானா வந்ததை எப்படி அண்ணி பிடுங்குறது?"

"கூப்பிடாம வந்தது என்னைக்குடி நல்லது பண்ணியிருக்கு?"

'நீங்களும் கூப்பிடாமத்தான் வந்தீங்க' என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

கொடி காய்த்தது. பச்சைப் பிள்ளையின் கன்னம் போல மினுமினுப்பு. சுரைக்காயை நறுக்குமுன் காம்புப் பக்கம் ஒரு சீவல் சீவி நாக்கில் வைத்துப் பார்ப்பது சாப்பாட்டுக் கூடத்தின் சட்டம். கசந்தால் காய் முழுசாக வாளிக்குப் போய்விடும். ஆயிரம் காயைச் சீவிச் சுவைத்த கை அது. ஆனால் தன் மண்ணில் விளைந்ததை யாராவது சோதிப்பார்களா? அப்படியே நறுக்கி வேகவைத்து, வீட்டுக்காரருக்குப் பரிமாறினாள். நம்ம காய் என்று இரண்டாம் தடவையும் அள்ளி வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வந்து சாப்பிடலாம் என்று மூடி வைத்துவிட்டு ஓடினாள்.

அவள் கூடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு அது ரத்தமாக வந்தது. நாத்தனார்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தகவல் கேட்டு இவள் வேர்க்க விறுவிறுக்க வார்டுக்குள் நுழைந்தபோது, நாத்தனார் மிச்சக் காயை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் நின்றாள்.

"நாக்குல வச்சுப் பார்த்தேன், உயிரே போகுது! இதை ஒரு மனுஷன் தெரியாம தின்ன முடியுமா? என்னடி கலந்தே என் தம்பிக்கு?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டப்பாவைப் பிடுங்கி ஒரு துண்டை வாயில் போட்டாள். போட்டதும் துப்பினாள். கூடத்தில் கழித்துக் கட்டும் காயின் அதே கசப்பு. எங்கிருந்து வந்த விதை என்று அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, நானேதான் கொண்டுவந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா, அவ வாயாலேயே சொல்றா! போலீசைக் கூப்பிடுங்க."

என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? கட்டிலில் கிடந்தவர் வாயைத்தான் அவள் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பூட்டிய வாய்.

"அக்கா, அவளை விடு" என்றார் அவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மொத வாய்லேயே கசந்துச்சு. நான்தான் சொல்லல."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கசக்குற சுரைக்காய் விஷம்ங்க! கசந்தா துப்ப வேண்டியதுதானே?"

"குறை சொன்னா அவ சாப்பிட மாட்டா."

நாத்தனார் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போனாள். பழி விலகியதில் உரக்காரிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து கேட்டாள்.

"அப்ப இத்தனை வருஷமும் என் சோத்தை இப்படித்தான் முழுங்கினீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் வயிறு பழைய வயிறு இல்லை, கஞ்சிதான் தங்கியது. அவள் கொடியை வேரோடு பிடுங்கி எரித்தாள். உரக்குழியையும் மண் போட்டு மூடினாள். அடுப்படிக்குப் போய் நிற்பாள். கஞ்சியைக்கூட மூன்று தடவை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அப்படி ஆக்கி வைத்தால் அவர் அதையும் "நல்லா இருக்கு" என்றார். அந்தச் சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இப்போது அவள், கட்டிக்கொடுத்த மகளின் வீட்டில் இருக்கிறாள். அவர் பழைய வீட்டில், அக்கா கையால் சாப்பிடுகிறார். வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு வேளைக்கு முன்னால் திரும்பிவிடுகிறாள்.