லூர்து அங்கிளின் தலைக்கு நொச்சி

லூர்து அங்கிள் போய்விட்டார்.

நேற்று சாயங்காலம், முத்தாண்டிக்குப்பம் வீட்டில். டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று நாலு மணிக்கு அடக்கம். நான் இங்கே டவுன்ஷிப்பில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்... உள்ளே என் மகள் கயலுக்கு நெபுலைசர் ஓடுகிறது. விடிந்ததிலிருந்து வீசிங். அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

அவள் அப்பா ஷிஃப்டில் இருக்கிறார். மைன்ஸுக்குள் போன் போகவில்லை.

அதனால்தான் இந்த குரூப்பில் எழுதுகிறேன். உங்களில் யாராவது சாவுக்குப் போகிறீர்களா? ஒரு உதவி வேண்டும். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்கு... அங்கிள் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்த்தவர். ரிட்டயர் ஆகும்வரை எங்களுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வேலி என்று ஒன்று இருந்தால் அது அவர் வளர்த்த நொச்சிதான். ஆள் உயரம். துணி காயப்போடும்போது கை பட்டாலே வாசம் ஒட்டிக்கொள்ளும்.

எல்லோரும் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்த பிளாக்கில் இவர் மட்டும் காட்டுச்செடி வளர்க்கிறார் என்று ஒரே கிண்டல். ஆனால் மூக்கடைத்தால் அத்தனை பேரும் பின்வாசல் வழியாக அந்த வேலிக்குத்தான் வருவார்கள். ஆவி பிடிக்க அவரே ஒடித்துக் கொடுப்பார், கூடவே ரெண்டு திட்டும்.

கயலுக்கு மூன்று வயதில் வீசிங் ஆரம்பித்தது. நானும் அவள் அப்பாவும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடாத இடமில்லை.

ஒரு நாள் அங்கிள் ஒரு குட்டித் தலையணையோடு வந்தார். உள்ளே பஞ்சு இல்லை, நிழலில் உலர்த்திய நொச்சி இலை. உறை, அவர் மனைவி பிலோமினா ஆன்ட்டியின் பழைய புடவை.

"மூச்சு வாங்குச்சின்னா டாக்டர்கிட்டதான் ஓடணும், சொல்லிட்டேன். இது கொழந்த படுத்துகினு தூங்கறதுக்கு" என்றார். அன்றிலிருந்து அந்தத் தலையணை இல்லாமல் அவள் தூங்கியதில்லை.

வாசம் போய்விட்டால் இலையை மாற்ற வேண்டும். அதையும் அவரேதான் செய்வார். முகர்ந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், பிள்ளையை வெறும் சருகில் படுக்க வைத்திருக்கிறாயே என்று என்னைத் திட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவார்.

ஆன்ட்டிக்கும் இதே மூச்சுத்திணறல்தான். ஆன்ட்டி இறந்த அன்று சவப்பெட்டி வந்தது, பளபளவென்று துணி தைத்த தலையணையோடு. அங்கிள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நொச்சித் தலையணையைக் கொண்டுவந்து வைத்தார். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலம்பூரா மூச்சுக்குத் தவிச்சவ. அங்கயாவது நல்லா மூச்சு வுடட்டும்."

அங்கிள் சொல்லிக்கொண்டே தலையணையைத் தட்டிச் சரிசெய்தார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது என்னிடம், "எனக்கு நீதாம்மா வைக்கணும். எம் புள்ளைக்கு நொச்சியும் தெரியாது, ஆடாதொடையும் தெரியாது" என்றார். லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. சரி அங்கிள் என்றேன்.

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்...

ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று மாதா படத்தைக்கூட பீரோவோடு லாரியில் ஏற்றிவிட்டார் மனிதர். நொச்சிக் குச்சிகளை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.

அடுத்து வந்தவர்கள் பைக் நிறுத்த ஷெட் போட்டார்கள். வேலி போயிற்று. அங்கிள் விடவில்லை. புது வீட்டில் செடி தழைத்ததும் கட்டைப்பை நிறைய இலையோடு பஸ் ஏறி வந்துகொண்டே இருந்தார்.

இப்போது விஷயம் இதுதான். பெங்களூரிலிருந்து அவர் மகன் வந்துவிட்டான். போன் எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் எடுப்பார்கள்?

அங்கிள் வீட்டுக்குப் பின்னால், பாத்ரூம் ஓரம் நொச்சி நிற்கும். இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கும். கசக்கினால் தெரிந்துவிடும். ஒரு தலையணை உறையில் திணித்து, பெட்டியை மூடுவதற்கு முன் அவர் தலைக்கடியில் வைத்துவிடுங்கள். யாராவது. ப்ளீஸ்.

லைக் வேண்டாம். ஆர்.ஐ.பி. வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் போங்கள்.

கயல் மாஸ்க்கோடு அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். லூர்து தாத்தா எப்போது இலை மாற்ற வருவார் என்று கேட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை.

எடிட்: இதைப் படித்துவிட்டு எங்கள் பிளாக் லதா ஸ்கூட்டியில் போனாள். இப்போதுதான் பேசினாள்.

பந்தல் போடவும் சேர் போடவும் இடம் வேண்டும் என்று காலையிலேயே நொச்சியை வேரோடு வெட்டிவிட்டார்களாம். வருகிறவர்கள் காலெல்லாம் அந்த இலையில்தானாம்.

"வூடு பூரா ஒரே வாசங்கா. என்ன ஊதுபத்தின்னு கேட்டுகினு இருக்காங்க" என்றாள்.

மிதிபடாத கொப்புகளாகப் பார்த்து இலையை உருவி, தன் துப்பட்டாவில் சுருட்டி எடுத்துக்கொண்டு மகனிடம் போயிருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அப்பாவின் தலையை அவனே தூக்கிப் பிடித்தானாம், இவள் வைத்தாளாம்.

வரும்போது நடுவதற்கு ஒரு குச்சியாவது எடுத்து வா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கே ஜெபம் ஆரம்பித்துவிட்டது. லைன் கட்.

கயலுக்கு இன்னொரு தடவை நெபுலைசர் போட்டிருக்கிறார்கள்...

நல்லா மூச்சு விடுங்க அங்கிள்.