விபூதிப் புதனுக்கு முன் பதினெட்டுப் பலகை

ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மத்தியாஸ்தான் தச்சன். தொட்டிலும் அவன் கைதான், சவப்பெட்டியும் அவன் கைதான். 1926 பிப்ரவரியில் அவனுக்கு ஒரே கவலை, விபூதிப் புதன். அன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா முடியும்வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அவனுக்கும் பால்மரம் வெட்டும் ரோசம்மாவுக்கும் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. விபூதிப் புதனுக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை கல்யாணம். கையில் ஆறு நாள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் வந்து நின்றார்.

"புது ஸ்டோருக்குப் பதினெட்டுப் பலகையும் இழைச்சு அடுக்கினாத்தான் லீவு. துரை சொல்லிட்டாரு."

"ஒரு பலகைக்கே ஒரு நாள் ஆகுதுங்க ஐயா."

"அப்ப பலகையையே கட்டிக்கலாம்."

கையால் அறுத்த, இரும்பாய் இறுகிய மெர்பாவ் மரப் பலகைகள். மேடும் பள்ளமும். வாய்ச்சியால் செதுக்கினால் பிளந்தது. அவனிடமிருந்த இழைப்புளி காகிதம்போலத்தான் சீவும். மேட்டைத் தின்பதற்கென்றே ஒரு முரட்டு இழைப்புளி செய்வதென்று முடிவு செய்தான்.

மிஞ்சிய மெர்பாவில் முக்கால் முழம் அறுத்து, மேலிருந்தும் அடியிலிருந்தும் சாய்வாக உளி இறக்கி நடுவில் சந்திக்க வைத்து, அலகு நிற்க ஒரு வாய் திறந்தான். தேய்ந்துபோன அரம் ஒன்றைக் கொல்லர் காய்ச்சித் தட்டி அலகாக்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை முற்பகல் அலகுக்கு ஆப்பு இறுக்கிப் பலகையில் தள்ளினான். இரண்டடி போய் இழைப்புளி நின்றது. மத்தியாஸ் நிற்கவில்லை. முகவாய் பலகையில் இடித்தது.

"பலகைக்கு முத்தமா, மச்சான்?"

பால் வாளிகளோடு ரோசம்மா நின்றிருந்தாள்.

"சிரி, நல்லாச் சிரி. கல்யாணம் பாஸ்காவுக்குப் போகட்டும்."

அவள் சிரிப்பை நிறுத்தி வாளிகளை இறக்கினாள். அலகைக் குனிந்து பார்த்தாள்.

"இது ஏன் நேரா இருக்கு?"

"இழைப்புளின்னா நேராத்தான் இருக்கும்."

"நேர் வாயால நான் மரம் வெட்டினா ரெண்டு மூலையும் உள்ள எறங்கிரும். மரத்துக்குக் காயம், எனக்குக் கங்காணிகிட்ட ஏச்சு." தன் கத்தியை நீட்டினாள். அதன் வாய் வளைந்திருந்தது.

"இது பால்மரம் இல்ல, ரோசு."

"தெரியுது. பால் வரலையே."

அவள் போகும்வரை காத்திருந்தான். பிறகு சாணைக்கல்லுக்கு ஓடினான்.

மூலைகள் தேய்ந்து அலகு பிறையானது. பலகையின் குறுக்கே சாய்த்துத் தள்ளினான். கர்ரென்று போய், தடித்த சீவல் வாயில் அடைத்துக்கொண்டது. வாயை ஒரு நெல்லளவு அகலமாக்கினான். அடுத்த தள்ளில் சீவல் தோளைத் தாண்டிப் பறந்தது. மத்தியாஸ் கூவினான். லயத்து நாய்கள் பதிலுக்குக் குரைத்தன.

பொழுது சாய்வதற்குள் நான்கு பலகை. சனிக்கிழமை ஏழு. ஞாயிறு மூன்றாவது ஓலை. திங்கள் மாலை, பிறை அலகு விட்ட வரிகளைப் பழைய இழைப்புளியால் நிரவிய பதினெட்டாவது பலகையைக் கிராணி உள்ளங்கையால் தடவினார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று மறுபடியும் தடவினார். லீவு எழுதினார்.

செவ்வாய் கல்யாணம். ஆட்டுக்கறி அரைப் பானை மிஞ்சியது. புதன் காலை கோவிலில் நெற்றிச் சாம்பல் வாங்கித் திரும்பிய புது ஜோடிக்கு அன்று ஒருசந்தி, கறி ஆகாது. பக்கத்து வீட்டு ராக்காயிக்கு வெள்ளிக்கிழமைதான் விரதம்.

"தூக்கிட்டுப் போங்கக்கா," என்றாள் ரோசம்மா.

"மெதுவாத் தூக்குங்க," என்றான் மத்தியாஸ். "வாசனையாவது கொஞ்சம் இங்க நிக்கட்டும்."

ரோசம்மா சிரித்துக்கொண்டே குனிந்து கஞ்சி ஊற்றினாள். அவள் நெற்றிச் சாம்பல் அவன் கிண்ணத்தில் உதிர்ந்தது. அவன் அப்படியே குடித்தான்.