சிமிழில் கலந்த களிம்பு

எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த ஓர் அக்கா கைப்பையிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். கல்யாணத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பார்களே, அந்தச் சின்ன எவர்சில்வர் சிமிழ். திறந்தால் உள்ளே குங்குமம் இல்லை, வெள்ளைக் களிம்பு.

"ரெண்டு டியூப்பையும் இதுல பிதுக்கிக் கலக்கிட்டேன் மா. ஆளுக்குப் பாதி," என்றார்.

ஆராய்ச்சி கெட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடியே, இவ்வளவு நாளும் நாங்கள் எதையோ தப்பாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம் என்றும் பட்டது.

நான் பார்மசி படித்தவள். பூந்தமல்லி பக்கம் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில், படர்தாமரை பற்றிய ஆராய்ச்சியில் வேலை. படர்தாமரைதானே என்று சிரிப்பவர்கள், ஒரு மழைக்காலம் முழுக்க இடுப்பைச் சொறிய முடியாமல் பஸ்ஸில் நின்று பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் அது லேசில் போவதில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த டியூப் அரிப்பை அமுக்கிவிடும். பூஞ்சை பாட்டுக்கு உள்ளே வளரும். நிறுத்தினால் வட்டம் இன்னும் பெரிதாகத் திரும்பும். எங்கள் ஆராய்ச்சியில் மாத்திரை எல்லோருக்கும் ஒன்றே. களிம்பு மட்டும் இரண்டு விதம்: பழையது ஒன்று, புதியது ஒன்று. டியூப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று குலுக்கலில் முடிவாகும். நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், அதற்காக.

அக்கா அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறார். வீடு நூம்பலில். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இருவரும் வெவ்வேறு நாளில் வந்து தனித்தனியாகச் சேர்ந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் சேரக் கூடாது என்று எங்கள் விதிகளில் எங்கும் இல்லை.

அக்காவுக்கு வட்டம் கழுத்தில். தலைப்பை எப்படி இழுத்தாலும் மறையாத இடம். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கூட உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தள்ளிப்போய்விட்டார்கள். முன்பெல்லாம் மீன் குழம்பு எடுத்துப்போனால் டப்பா வழித்துத் திரும்பும். இப்போது அப்படியே திரும்புகிறது. முதல் நாளே இதைச் சொல்லித்தான் சேர்ந்தார். அரிப்புகூட அப்புறம்தான்.

ஏன் கலந்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு ஒஸ்தி மருந்து வந்து, எங்க ஊட்டுக்காரருக்கு மட்டமானது வந்துகீதுன்னு வெய்யி. நான் ஆறிப்போயி, அது மட்டும் சொறிஞ்சிகினு கெடக்கும். நல்லாவா கீது?"

கதவோரம் நின்ற கணவர், கலக்காவிட்டால் எது நல்ல டியூப் என்று தினம் ஒரு சண்டை நடந்திருக்கும் என்றார்.

சிமிழோடு டாக்டர் மேடத்திடம் ஓடினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனி இந்த இரண்டு பேரை வைத்து எந்தக் களிம்பு மேல் என்று சொல்ல முடியாது, நடந்ததை நடந்தபடி மேலே தெரிவிக்க வேண்டும் என்றார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "எங்கள தூக்கிடுவீங்களா?" என்றார். ஆராய்ச்சியிலிருந்துதான் விடுவிப்பு, வைத்தியம் நிற்காது என்று மேடம் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று மேடம் விசாரித்தார். மகளுக்கு இடுப்பில் இருந்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. மேடத்தை நச்சரித்து, அக்காவிடமும் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் நூம்பலுக்குப் போனேன். ஓர் அறை, ஓர் அடுப்படி. மூன்று பேருக்கும் ஒரே துண்டு, ஒரே போர்வை. பின்பக்கம் துணிக்கொடி. அதை ஒட்டியே புதுசாக எழும்பிய ஃபிளாட். அது வந்ததிலிருந்து கொடிக்கு வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. முந்தின நாள் துவைத்த ஜீன்ஸைத் தொட்டுப் பார்த்தேன். இடுப்புப் பட்டி இன்னும் ஈரம். பூஞ்சைக்கு அது போதும், ஒருவர் ஆறினாலும் இன்னொருவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். எங்கள் அலமாரியில் ஆளுக்கொரு எண் போட்டு அடுக்கி வைத்த டியூப்கள் நினைவுக்கு வந்தன. குலுக்கலை ஆளுக்கு ஆள் போட்டதுதான் தப்பு, வீட்டுக்கு வீடு போட்டிருக்க வேண்டும் என்று அந்த ஈர ஜீன்ஸைப் பிடித்துக்கொண்டே முடிவு செய்தேன்.

மேடம் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் தொடங்கினார். துண்டு ஆளுக்கொன்று ஆனது. துணிக்கு வழி கண்டுபிடித்தவர் கணவர். ஃபிளாட் வாட்ச்மேன் அவருக்கு மச்சான் முறையாம். "நம்ம வெயில அவுங்க எடுத்துகினாங்கோ, அவுங்க மொட்ட மாடிய நாம எடுத்துகினோம்," என்றார்.

போன வாரம் அக்கா வந்தபோது கழுத்தில் பழுப்புத் தடம் மட்டும்தான். உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "நேத்து ஒருத்தி வந்து குந்திகினு, அவளே என் டப்பாவ தொறந்தா மா."

நான் துள்ளினேன். மேடம் என்னை உட்கார வைத்தார். ஒரு வீட்டை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது, மருந்தை நிறுத்தி ஒரு மழைக்காலம் தாண்டட்டும் என்றார். வீட்டையே ஓர் ஆளாக வைத்துக் குலுக்குவதும் என் கண்டுபிடிப்பு இல்லையாம், மற்ற நோய்களுக்குச் செய்திருக்கிறார்களாம், போய்ப் படி என்றார். படித்தேன். இருக்கட்டுமே, இந்தப் பக்கத்து வீடுகளுக்கு யாரும் செய்யவில்லையே.

நூம்பலிலும் பாரிவாக்கத்திலும் சில வீடுகளில் சின்னதாகத் தொடங்க, ஆராய்ச்சிக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதியதை மேடம் சிவப்பு மையில் குதறித் திருப்பித் தந்திருக்கிறார். முடியாது என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்போகிற முதல் கேள்வியில் மட்டும் அவர் கை வைக்கவில்லை: உங்கள் வீட்டில் துணி எங்கே காய்கிறது?