மேசைமேல் ஒரு ரயில் கடவை

போன கிழமை கோண்டாவிலில் ரயில் கடவையடியில் நின்றேன். இரண்டு சிவப்பு விளக்குகளும் மாறி மாறி மின்னின, ரயிலைக் காணவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் ஒவ்வொருவராகத் தடுப்புக்கு அடியால் குனிந்து போனார்கள். நான் போகவில்லை. முப்பத்து நான்கு வருடம் சிக்னல் பகுதியில் சம்பளம் வாங்கியவன் குனிந்தால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்களோ என்று ஒரு பயம். பக்கத்தில் ஒருவர் மண்ணெண்ணெய்க் கானோடு நின்றார். அந்த மணத்தில் புங்குடுதீவு வீட்டு மேசை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு விளையாட்டு ரயிலின் துருப்பிடித்த தகரத் தண்டவாளங்களை நாங்கள் மண்ணெண்ணெயில்தான் ஊறப்போட்டோம்.

வீடு என் மனைவியின் தமையனுடையது. மச்சான் தெற்கே ஒரு பட்டினத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் வந்து இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு பெட்டி; உள்ளே, சாவி கொடுத்தால் ஓடும் ரயில். "சனம் நகையைக் கொண்டு வந்தது. இவர் ரயிலைக் கொண்டு வந்தவர்," என்று அவர் மனைவி பரமேசு அக்கா வருகிற எல்லோருக்கும் சொல்லுவா.

அடுத்த வருடம் நான் லீவில் போனபோது, அந்த ரயிலுக்குக் கடவை விளக்கு வேண்டுமென்றார், பழைய கடைத் தெருவில் இருந்ததைப்போல. தண்டவாளமே இல்லாத தீவில் கடவைக்கு என்ன தேவை என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, விதிமுறையை ஒருவருக்கு விளக்கும் வாய்ப்பை நான் எப்போதும் தவறவிட்டதில்லை.

தண்டவாளத்துக்கு அடியில் இருந்த தகரக் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பனஞ்சலாகை வைத்தோம். இல்லாவிட்டால் தகரம் வழியே மின்சாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதுக்குப் பாய்ந்துவிடும். தண்டவாளத்தில் எப்போதும் பற்றறியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் ஓடும். ரயில் ஏறினால் சில்லு அதை மறித்துவிடும், விளக்கு மின்னும். இறங்கினால் மின்னுவது நிற்கும். எங்காவது வயர் கழன்றாலும் மின்னும். சந்தேகம் வந்தால் சிவப்பு; எங்கள் பகுதியின் வேதம் அவ்வளவுதான். மின்ன வைப்பதற்கு ஒரு பழைய காரின் சிக்னல் ஃப்ளாஷர். சின்னப் பல்புகள் இழுக்கும் மின்சாரம் போதாமல் அது மசியவில்லை. மேசைக்கு அடியில் ஒரு கார் பல்பையும் மறைத்துக் கட்டிய பிறகே டிக் டிக் என்றது.

தீவிலிருந்து தெற்கே தங்கள் கடைக்குத் திரும்புகிறவர்கள் நாள் பார்ப்பார்கள். படலையில் நிறைகுடம் எதிர்ப்பட்டால்தான் வெளிக்கிடுவார்கள். எரிந்த கடையை மறுபடி திறக்கப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்த மச்சான் சகுனத்தை ரயில்வேயிடம் ஒப்படைத்தார்.

"ரயில் போன பிறகு லைற் மின்னுறது நிண்டால் நாளைக்கே கடைக்கு வெளிக்கிடுறன். நிக்காட்டி இல்லை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

குசினிக்குள் தேத்தண்ணி தரும்போது பரமேசு அக்கா மெதுவாகக் கேட்டா: "தம்பி, அந்தாள் அங்க போனா உயிரோட திரும்பி வருமெண்டு உமக்கு எழுதித் தர ஏலுமே?"

"ஏலாது அக்கா," என்றேன். எதையும் எழுத்தில் கொடுப்பதில்லை என்பது இலாகாவில் பழகியது. ஆனால் அன்று அது காரணமில்லை.

காலையில் மச்சான் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்து சாவி கொடுத்தார். ரயில் கடவையில் ஏறியது, விளக்குகள் மின்னின. ரயில் இறங்கி, சுற்றிப் போய், மூச்சு முட்டி நின்றது. விளக்குகள் நிற்கவில்லை.

மேசைக்கு அடியில் புகுந்தேன். தண்டவாளத்தின் இரண்டாவது மூட்டில் உப்புக்காற்று புதிதாகத் துரு ஏற்றியிருந்தது. வயர் அதில் ஒட்டாமல் தொங்கியது. அரைநிமிட வேலை. துருத் தேய்க்கும் அரத்தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. மேசைக்கு அப்பால் பரமேசு அக்காவின் கால்கள் தெரிந்தன. ஒரு பெருவிரல் மற்றதை மிதித்துக்கொண்டு நின்றது.

வயரைத் தொடாமல் வெளியே வந்தேன். "லைன் கிளியர் இல்லை, மச்சான்."

விதிமுறைப்படி அது பொய்யுமில்லை. காரணத்தைக் கண்டால் அறிக்கை எழுத வேண்டும் என்பதும் அதே விதிமுறைதான்.

"அப்ப நிக்கத்தான் வேணும்," என்றார். சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பற்றறி இறங்கும்வரை அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புகையிலை நட்டார், அது சரிவரவில்லை. தெற்கில் கடை இருந்த இடத்தை வேறு யாரோ பிடித்தார்கள். "அண்டைக்குப் போயிருக்க வேணும்," என்று இரண்டு தரம் என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேன். தொண்ணூறில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்றது. அதன் பின் தீவும் வெறுமையானது. அந்த விளையாட்டு ரயில் வைத்த பெட்டி அலுமாரியில் இருந்தது என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. மச்சான் கனடாவுக்குப் போய் எழுபத்தொன்பது வயதுவரை உயிரோடு இருந்தார். நான் கடைசிவரை அறிக்கை எழுதவில்லை.

கோண்டாவிலில் ரயில் வந்து போனது. விளக்குகள் உடனே நின்றன. கோளாறு எதுவுமில்லை. இனிப் போகலாம் என்று சொல்ல மச்சான்தான் இல்லை.