ஆறு நாளும் அறுபத்திரண்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எடை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இதயம் பலவீனமாகிப் படுத்து எழுந்து வீட்டுக்குப் போனவர்களுக்குத் தினமும் காலையில் போன் போட்டு எடை கேட்பது அந்த நர்ஸின் வேலை. இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேருகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்ட வேண்டும். இதனால் பலன் உண்டா என்று ஒரு வருஷம் பார்த்தார்கள். போன் போகும் நூறு பேர், போகாத நூறு பேர். இவர்களில் யார் திரும்ப வந்து படுக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. வித்தியாசம் இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள், அக்காவுக்கும் வேலை போய்விடும்.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். எடை ஏறிவிட்டால் போதும், உப்பைத் தின்றீர்களா, தண்ணீரைக் குடித்தீர்களா என்று பிடி பிடியென்று பிடிப்பார். பக்கத்து மேஜையில் இருக்கும் நானே ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

அப்படி ஒருநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். அதன்பின் ஆறு நாளும் அறுபத்திரண்டு என்றே சொன்னார். திட்டினால்தான் வழிக்கு வருகிறார்கள் என்று அக்கா என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். அந்த நோயில் எடை ஆறு நாள் அசையாமல் நிற்காது என்பது அக்காவுக்குத் தெரியாததா? கேட்க நன்றாக இருந்தது, நம்பிவிட்டார். ஏழாம் நாள் போனை எடுத்தது டிரைவரின் மகள். அப்பா மூச்சுமுட்டி வீட்டிலேயே இறந்துவிட்டதாகவும், எடை மெஷினை ஒரு வாரமாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்ததாகவும் சொன்னாள்.

வருஷக் கடைசியில் கூட்டம் நடந்தது. போன் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு, திட்டம் வெற்றி என்றார் பெரிய டாக்டர். எல்லோரும் கை தட்டினோம். டிரைவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று அக்கா கேட்டார். திரும்பி வராதவர்கள் பட்டியலில் இருந்தார்.

"செத்தவர் எப்படி சார் திரும்பி வருவார்? அவர மாதிரி இன்னும் எட்டு பேர் இருக்காங்க. செத்தவங்களையும் சேர்த்து எண்ணுங்க."

எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று வராந்தாவிலேயே சண்டைக்குப் போனேன்.

அக்கா கத்தவில்லை. "டிரைவர் பொய் சொன்னார்னு ஃபைல்ல எழுதிட்டாங்க. நான்தான் சொல்ல வச்சேன்னு எங்க எழுதுவாங்க?"

அடுத்த திங்கட்கிழமை காலை, தொண்ணூற்றொரு வீடுகளில் எடை பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போன் வரவில்லை.