பரஸ்தானம் வைத்த பை

ஆலப்புழைக்குப் போய்ப் படகு வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்ற யோசனை எனக்கு வந்ததற்குக் காரணம் தண்ணீர் மேல் உள்ள ஆசை இல்லை. தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். படகிலிருந்து யாரும் கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கிப் போக முடியாது. அதுதான் காரணம்.

என் கணவரும் அவருடைய தம்பியும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. நாங்கள் மந்தைவெளியில் இருக்கிறோம், தம்பி குடும்பம் தி. நகரில். இடையில் ஒரு ஆட்டோ தூரம். மாமனார் காலமான பிறகு அவருடைய பழைய ஸ்கூட்டர் எங்கள் ஃப்ளாட்டின் கீழே வெயிலிலும் மழையிலும் கிடந்தது. ஒருநாள் இவர் பழைய இரும்பு எடுப்பவரைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். என் மச்சினர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த ஸ்கூட்டரில்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா."

"கேக்கறதுக்கு என்னடா இருக்கு? துருப்பிடிச்ச வண்டி," என்றார் இவர்.

அவ்வளவுதான். பாதி குடித்த காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனவர் அப்புறம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. போனில் என்னிடம் பேசும்போது 'அண்ணா' என்ற சொல்லே அவர் வாயில் வராது, 'உங்காத்துக்காரர்' என்பார். கேட்பது என்பது என் கணவரின் ஜாதகத்திலேயே இல்லை. ஹோட்டலில் எனக்கும் சேர்த்துத் தோசை சொல்லிவிட்டுத்தான் மெனு கார்டை என் பக்கம் தள்ளுவார். கல்யாணமான புதிதில் அதை அக்கறை என்று நினைத்தேன். பிறகு பழகிவிட்டேன். தம்பி பழகிக்கொள்ளவில்லை.

சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இவர் முதல் பந்தி, அவர் மூன்றாம் பந்தி. ஒருவர் வாசலுக்குள் நுழைந்தால் மற்றவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. என் ஓர்ப்படி, அதாவது மச்சினரின் மனைவி, என்னைவிட நிதானமானவள். அவளே ஒருநாள் போனில், "மன்னி, மண்டபத்துக்கெல்லாம் வாசல் இருக்கறதுதான் கஷ்டம்," என்றாள். அப்போது உதித்ததுதான் படகு.

ஆயுத பூஜையை ஒட்டி நீண்ட விடுமுறை வந்தது. இரண்டு படுக்கையறை உள்ள படகாகப் பிடித்தோம். ஒரு அறை எங்களுக்கு, இன்னொன்று 'வேறு யாரோ ஒரு குடும்பத்துக்கு'. என் கணவரிடம் நான் அப்படிச் சொன்னேன், தன் கணவரிடம் அவளும் அதையே சொன்னாள். நாங்கள் ரயிலில், அவர்கள் பஸ்ஸில். நாங்கள் முதலில் ஏறி அறைக்குள் போய்விட வேண்டும், அவர்கள் கடைசி நிமிஷத்தில் ஏற வேண்டும் என்று ஏற்பாடு. கயிற்றை அவிழ்த்துப் படகு நகர்ந்த பிறகு என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்பதுதான் எங்கள் திட்டம்.

அந்த ஒரு மாதம் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தாளிக்கும்போது பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுப் படகுக்காரருக்குப் போன் பண்ணுவேன். அவர் மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகப் பதில் சொல்லுவார். சாப்பாட்டில் மீன் வேண்டாம் என்பதை எத்தனை தடவை சொன்னேனோ, கடைசியில் என் குரலைக் கேட்டதுமே, "மீன் இல்லா சேச்சி, மீன் இல்லா," என்று ஆரம்பித்துவிட்டார். துணி உலர்த்தப் போனால் மொட்டை மாடியில் நின்றபடியே மழை வருமா என்று மொபைலில் பார்ப்பேன். கீழே பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே பக்கிங்காம் கால்வாய் கறுப்பாகக் கிடக்கும்.

"படகுதானே வேணும்? இதுல விட்டா ஆகாதா?" என்று கேலி பண்ணினார் இவர். "யாரோ தெரியாதவாளோட எப்படிடி ஒரே படகுல இருக்கறது? அவா குறட்டை விட்டா?"

அங்கே தி. நகரில் மச்சினரும் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டாராம். நானும் என் ஓர்ப்படியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர்கள் வீட்டுக் குறட்டையும் எங்கள் வீட்டுக் குறட்டையும் ஒரே அப்பா கொடுத்தது.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் இவர் தினசரிக் காலண்டரைப் புரட்டினார். கிளம்பும் நாள் வெள்ளிக்கிழமை. தாளின் அடியில் 'சூலம்: மேற்கு' என்று போட்டிருந்தது. நாங்கள் போவதோ மேற்கே. சூலம் இருக்கும் திசையில் பயணம் கூடாது என்பது என் மாமனார் வழி வந்த பிடிவாதம். வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தண்ணியில போற பிரயாணம். வெல்லமெல்லாம் போறாது. பரஸ்தானம் வெச்சுடு," என்று சொல்லிவிட்டார்.

பரஸ்தானம் என்பது ஒரு சமாளிப்பு. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் பயணப் பையைப் போகிற திசையில் இருக்கும் யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. ஆனால் ஒன்று, அப்படி வைத்த பையைப் பயணம் போகாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

வழக்கமாக மேற்கே தெரிந்த வீடு என்றால் இவருடைய பழைய சக ஊழியர் வீடுதான். அவர்கள் விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வியாழக்கிழமை காலை நல்ல நேரம் முடியப்போகிறது, பையோடு நான் தெருவில் நிற்கிறேன். என் அவசர புத்தி அப்போதுதான் வேலை செய்தது. மேற்கே இன்னொரு வீடு இருக்கிறதே! மச்சினர் ஆபீஸ் போயிருப்பார், பையை ஓர்ப்படியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லலாம். ஆட்டோவைக் கைகாட்டினேன்.

தி. நகரில் பையைக் கொடுத்துவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பி ஏறியபோது டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஊருக்குப் போற பையாட்டம் கீது. பை மட்டும் போவுதா, நீ போவலியா?"

"நான் நாளைக்குப் போவேன்."

"சர்தான்," என்று சொல்லி வண்டியை எடுத்தார். மந்தைவெளி வருகிற வரைக்கும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விடுமுறைக்கு முதல் நாள் என்பதால் ஆபீசில் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஓர்ப்படி பையைக் கதவுக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள். மச்சினர் சட்டையை மாட்டப் போனவர் அதைப் பார்த்துவிட்டார். அதன் கைப்பிடியில் பழைய வேஷ்டிக்கரை ஒன்று கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தது. பிளாட்பாரத்தில் நம் பை தனியாகத் தெரியட்டும் என்று மாமனார் அப்படிக் கட்டுவார். அவர் பிள்ளைகள் இரண்டு பேருமே இன்றைக்கும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

"இது எப்படி இங்க வந்தது?" என்று கேட்டதும் ஓர்ப்படி உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். 'நான் வரலை' என்று அவர் சொல்லிவிட்டாராம், அவள் போனில் அழுதாள். எனக்குக் கால் ஓயவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எல்லாம் என்னால் கெட்டது என்று அழுகை அழுகையாக வந்தது. இனிமேல் அவர் என் போனையும் எடுக்கமாட்டார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தம்பி மாதிரி இருந்தவர்.

மறுநாள் காலை படகுக்காரர் கூப்பிட்டார். அங்கே ரெட் அலர்ட், பேய் மழை, படகுகளையெல்லாம் நிறுத்திவிட்டார்களாம். "மன்னிக்கணும் சேச்சி," என்றார் பாவம். இங்கே ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இவர் நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். "விட்டது சனி. போய்ப் பையை வாங்கிண்டு வா." உடனே நிமிர்ந்தார். "இல்ல, இரு. பரஸ்தானம் வெச்ச பையை எப்படித் திருப்பிக் கொண்டுவரது? ஆமா, யாராத்துல வெச்சே?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். படகையும் சொன்னேன், அந்த இன்னொரு குடும்பம் யார் என்பதையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்.

"தரையிலயா வெச்சிருக்கான்?"

"இல்லை. முக்காலி மேல வெச்சு, தூசி விழாம துண்டு போட்டு மூடியிருக்காராம். அவர் ஆத்துக்காரிதான் சொன்னா."

அன்று முழுக்க டி.வி. ஓடியது, ஆனால் இவர் அதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. மச்சினர். எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன்.

"மன்னி, பை இங்க கிடக்கு. அப்படியே திருப்பிக் கொடுக்கப்படாது. அதுக்கு ஏதாவது ஒரு பிரயாணம் ஆகணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, தெற்கே சூலம் இல்லை. முட்டுக்காட்டுலயும் படகு ஓடறது. நான் பையை எடுத்துண்டு வரேன்."

மேற்கே போவதற்கு வைத்த பை தெற்கே போகலாமா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் என்னைப் பார்த்து, "எத்தனை மணிக்குன்னு கேளு," என்றார்.

முட்டுக்காட்டில் விடுமுறைக் கூட்டம் நெரிந்தது. மச்சினர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். இவர் கையை நீட்டவில்லை, அவரும் கொடுக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது நான்கு பேர் உட்காரும் பெடல் படகு. மிதிக்கிறவர்கள் முன்னால் என்றார் டிக்கெட் கிழித்தவர். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் முன்னால் உட்கார்ந்தார்கள், நாங்கள் பின்னால். இருவரின் கால்களுக்கு நடுவே பை. திருப்புகிற கைப்பிடி இவர் பக்கம் வந்து மாட்டியது. வேறு எங்கே மாட்டும்?

இவர் ஒரு வேகத்தில் மிதிக்க, அவர் இன்னொரு வேகத்தில் மிதிக்க, படகு கரையோரமாகவே வட்டம் போட்டது. பக்கத்துப் படகில் போன கல்லூரிப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பயத்தில் ஓர்ப்படியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் இருந்த இரண்டு முதுகுகளும் ஒரே மாதிரி வியர்த்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து எப்படியோ மிதிப்பது ஒன்று சேர்ந்தது. படகு நேராக நீரின் நடுவுக்குப் போனது. ஒரு வார்த்தை இல்லை. இப்படியே போய் இப்படியே திரும்பிவிடுவார்களோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

எதிரே மோட்டார் படகு ஒன்று வந்தது. இவர் கைப்பிடியில் கையை வைத்தார். இந்நேரம் திருப்பியிருக்க வேண்டும், திருப்பவில்லை. மோட்டார் படகு நெருங்குகிறது, எனக்கு உயிரே போகிறது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இடது பக்கம் திருப்பட்டுமாடா?"

மச்சினரின் கால் பெடலில் நின்றுவிட்டது. திரும்பி இவர் முகத்தைப் பார்த்தார்.

"திருப்பு அண்ணா," என்றார்.